மணியோசை முன்னே: காலேஜ் ஸ்டேஷனில் ஒரு ஆட்ட நாள்

நவம்பர் 28, 2024, வியாழன், ஹூஸ்டன்

அக்கா வீட்டுக்கு வந்து ஒன்பது நாளாகிறது. இன்று தேங்ஸ்கிவிங். தெருவில் ஒரு கடைகூடத் திறக்கவில்லை. வான்கோழி வேண்டாமென்று அக்கா முழுக்கோழி ஒன்றை வாங்கி, மிளகும் சோம்பும் அரைத்துத் தடவி ஓவன் அடுப்பில் வைத்திருந்தாள். வீடு முழுக்க எங்கள் திருநெல்வேலி வீட்டு வாசம்.

மருமகன் மட்டும் சாப்பாட்டில் மனம் வைக்கவில்லை. காலேஜ் ஸ்டேஷன் என்ற ஊரில் இருக்கும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறான். சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் மைதானத்தில் ஆட்டம். எதிரே டெக்சாஸ் பல்கலைக்கழகம், அதாவது ஆஸ்டின்காரர்கள். ஃபுட்பால் என்றால் நம் ஊர்க் கால்பந்து அல்ல. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, நீள்முட்டைப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, முட்டி மோதிக் கெஜம் கெஜமாக முன்னேறும் ஆட்டம்.

1894-இல் தொடங்கிய பகை இது. 2011 நவம்பர் வரை 118 முறை மோதியிருக்கிறார்கள். ஆஸ்டின் 76, இவர்கள் 37, சமன் 5. அதன்பின் ஏ அண்ட் எம் வேறு லீகுக்குப் போய்விட்டது. பேச்சுவார்த்தையே இல்லாத பங்காளிகள்போல 13 வருடம் ஓடிவிட்டது. இந்த வருடம் டெக்சாஸும் அதே லீகுக்கு வந்து சேர்ந்ததால் மறுபடி களம் இறங்குகிறார்கள்.

"கடைசி ஆட்டம் நடந்தப்ப எனக்கு ஏழு வயசு மாமா. எங்க செட்ல ஒருத்தன்கூட இதை விவரம் தெரிஞ்சு பார்த்ததில்ல" என்றான். மாணவர் டிக்கெட்டுக்காகக் கூட்டாளிகளோடு முறைவைத்து மைதான வாசலில் கூடாரம் அடித்துப் படுத்திருக்கிறான். கழுத்தெல்லாம் கொசுக்கடி. எனக்கு ஒரு டிக்கெட்டை மூன்று வாரத்துக்கு முன்பே செல்போனில், கைமாற்றி விற்கும் ஆளிடம் 640 டாலருக்கு வாங்கியாயிற்று. பணத்தைச் சொன்னதும் அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அப்பா தெரிந்தார்.

நவம்பர் 29, வெள்ளி, காலேஜ் ஸ்டேஷன்

ஒன்றரை மணி நேரப் பாதை, இன்று இரண்டரை ஆகிவிட்டது. 290-இல் ஏறியதிலிருந்து முன்னும் பின்னும் கொடி கட்டிய வண்டிகள். பெரும்பாலும் மரூன், நடுநடுவே சுட்ட செங்கல் நிறத்தில் ஆஸ்டின்காரர்களின் ஆரஞ்சு. ஆரஞ்சு வண்டி ஒன்று எங்களை முந்தியபோது மருமகன் ஆட்காட்டி விரலையும் சுண்டு விரலையும் நீட்டித் தரையைப் பார்க்கக் கவிழ்த்துக் காட்டினான். அவர்கள் அதே விரல்களை, தங்கள் அணிச் சின்னமான மாட்டின் கொம்புபோல மேலே தூக்கினார்கள். இரண்டு வண்டியிலும் சிரிப்பு.

வாலர் என்ற ஊரில் பக்-ஈஸில் நிறுத்தினோம். பெட்ரோல் பங்க் என்று சொன்னால் அந்த இடத்துக்குக் கௌரவக் குறைவு. வரிசை வரிசையாகப் பம்புகள், உள்ளே ஒரு சந்தையே இருக்கிறது. கழிப்பறையின் சுத்தத்தைப் பார்த்து நம் நெடுஞ்சாலைகளை நினைத்துக்கொண்டேன். செக் நாட்டிலிருந்து இங்கே குடியேறியவர்கள் கொண்டுவந்த கொலாச்சி என்ற பன் வாங்கினோம். இனிப்பு பன்னுக்குள் கார சாசேஜும் ஹாலப்பேன்யோ மிளகாயும். நம் நாக்குக்கு அந்தக் காரம் மட்டு. ஆனால் சூடான மாவும் கொழுப்பும் காரமும் ஒரே கடியில் சேரும் இடம் நன்றாக இருந்தது.

அதைத் தின்றுகொண்டிருக்கும்போதுதான் செய்தி வந்தது. விற்றவர் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார். பணம் சில நாளில் திரும்பி வருமாம். விலை ஏறிவிட்டதால் வேறொருவருக்கு விற்றிருப்பார் என்றான் மருமகன். அந்த நேரத்தில் ஆகக் குறைந்த டிக்கெட் 870 டாலர், அதுவும் உச்சாணி மூலையில். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அரை மணி நேரம் நெஞ்சில் ஒரு கல் உட்கார்ந்திருந்தது. பணத்துக்காக அல்ல, அவனோடு பக்கத்தில் நிற்கலாம் என்று வந்தேன்.

ஊருக்குள் நுழைந்ததும் அறைக்குப் போகாமல் நேராக ஓரிடத்துக்குக் கூட்டிப்போனான். பான்ஃபயர் நினைவிடம்.

டெக்சாஸ் ஆட்டத்துக்கு முன் மாணவர்கள் தங்கள் கையாலேயே மரம் வெட்டி, அடுக்கி, பெரிய சொக்கப்பனை கொளுத்துவது இவர்களின் வழக்கம். 1909-இலிருந்து நடந்தது. 1999 நவம்பர் 18, அதிகாலை 2.42-க்கு, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே சரிந்துவிட்டது. 12 பேர் இறந்தார்கள், 27 பேருக்குக் காயம். அதோடு பல்கலைக்கழகம் அதை நிறுத்திவிட்டது.

புல்வெளியில் பெரிய வட்டம். அதில் 12 வாசல்கள், கதவில்லாமல். ஒவ்வொரு வாசலும் ஒரு பிள்ளையின் சொந்த ஊர் இருக்கும் திசையைப் பார்த்து நிற்கிறது. வாசலுக்குள் நுழைந்து நின்றால், அந்தப் பிள்ளை வீடு திரும்பும் வழியைப் பார்த்து நிற்பதுபோலாகிறது. என்னால் இரண்டு வாசலுக்கு மேல் நிற்க முடியவில்லை. இருபத்தைந்தாம் ஆண்டு நினைவு நாள் போன வாரம்தான் கழிந்திருக்கிறது. ஒரு வாசலடியில் காய்ந்த ரோஜாக் கொத்து, காற்றில் பறக்காதபடி மேலே ஒரு கூழாங்கல் வைத்திருந்தார்கள்.

அங்கே ஆரஞ்சுச் சட்டைபோட்ட ஒரு அம்மா தனியாக நின்றார். அந்த வருடம் அவர் ஆஸ்டினில் மாணவியாம். விபத்து நடந்த எட்டாவது நாள், நவம்பர் 26, ஆட்டம் இதே ஊரில். இடைவேளையில் ஆஸ்டின் இசைக்குழு இரங்கல் இசை வாசித்துத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றதை அரங்கில் உட்கார்ந்து பார்த்தவர். அன்று ஏ அண்ட் எம் 20-16 என்று வென்றது. "எங்கள் தோல்விக்காக நான் வருத்தப்படாத ஒரே ஆட்டம்" என்றார். ஆட்டத்துக்கு எப்போது இந்த ஊருக்கு வந்தாலும் முதலில் இங்கே வந்துவிட்டுத்தான் போவாராம்.

நள்ளிரவு யெல் பிராக்டிஸ். ஆட்டத்துக்கு முந்தின இரவு, கத்திப் பழகுவதற்கென்றே மைதானத்தில் கூடுகிறார்கள். இதற்குக் கட்டணமில்லை. பதினொரு மணிக்குப் போனால் கூட்டம் ஏற்கெனவே ஆறுபோல ஓடிக்கொண்டிருந்தது. கைக்குழந்தையைப் போர்வையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். தீப்பந்தம் பிடித்துக்கொண்டு யெல் லீடர்கள் ஐந்து பேர் வெள்ளுடுப்பில் முன்னே வர, பின்னால் ராணுவச் சீருடையில் இசைக்குழு. இங்கே குட்டைப்பாவாடை ஆட்டக்காரிகள் கிடையாது. இந்த ஐவரும் கையால் ஒரு சைகை காட்டுவார்கள். அதை வரிசை வரிசையாகப் பின்னால் கடத்துவார்கள். அரங்கமே முழங்காலில் கைவைத்துக் குனியும். அப்புறம் ஒரே குரல்.

அவர்கள் கத்தும் சொற்களில் ஒன்று "ஃபார்மர்ஸ் ஃபைட்". 1876-இல் வேளாண்மையும் இயந்திரவியலும் சொல்லித்தரும் கல்லூரியாகத் தொடங்கியது இது. அதனால் இவர்கள் தங்களை உழவர்கள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். நடுராத்திரியில் இத்தனை ஆயிரம் பேர் உழவன் என்ற சொல்லை நெஞ்சு புடைக்கக் கத்துவதை, நாலு மா வயலை விற்றுவிட்டு வந்த குடும்பத்தில் பிறந்த நான் கேட்டுக்கொண்டு நின்றேன். நானும் கத்தினேன்.

கடைசியில் விளக்கெல்லாம் அணைகிறது. ஜோடியோடு வந்தவர்கள் முத்தமிட்டுக்கொள்ள வேண்டுமாம். ஜோடி இல்லாதவர்கள் கையில் லைட்டரைக் கொளுத்திக் காட்டுவார்கள், இன்னொரு தனி ஆள் கண்டுபிடிக்க வசதியாக. இருட்டில் அங்கங்கே மினுக்கு மினுக்கென்று சின்னச் சுடர்கள். மருமகன் என் பக்கம் திரும்பவே இல்லை.

நவம்பர் 30, சனி, பகல் 3 மணி

சரியாகத் தூங்கவில்லை. விடியக் குளிர், ஸ்வெட்டர் போட்டும் பல் தந்தியடித்தது. ஒரு சர்ச் வளாகத்தில் வண்டி நிறுத்த 60 டாலர் கொடுத்தோம். இளைஞர் குழுவின் பயணத்துக்குச் சேர்க்கிறார்களாம். வாங்கின பெண் ஆளுக்கொரு கப் காபியும் தந்தாள்.

ஆட்டம் மாலை ஆறரைக்கு. ஆனால் காலையிலேயே ஊர் புகைகிறது. சொல்லுக்குச் சொல் உண்மை இது. கண்ணுக்கெட்டிய தூரம் பந்தல்கள், பந்தலுக்குப் பந்தல் இரும்பு உலை, உலைக்குள் ஓக் விறகு. டெயில்கேட் என்கிறார்கள். வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துச் சாப்பிடுவதில் தொடங்கி, இப்போது தொலைக்காட்சி, சோபா, சாமி படம் மாட்டுவதுபோலத் தாத்தாவின் பழைய மாணவப் படம் வரை வந்துவிட்டது. அந்த நெடியும் கூட்டமும் எங்கள் நெல்லையப்பர் தேரோட்டத்தன்று காலை ரத வீதியில் நிற்கும் நினைப்பைக் கொடுத்தன. தேர் அசைவதற்கு முன் வடத்தைத் தொட்டுக்கொண்டு நிற்போமே, அந்த நேரம்.

மருமகனின் நண்பனுடைய தாத்தா பந்தலில் எங்களுக்கு இடம். இங்கே அறிமுகம் செய்துகொள்ளும்போது பெயரோடு படித்து முடித்த வருடத்தையும் சேர்த்துச் சொல்கிறார்கள். பெரியவர் எழுபத்து நான்கு. வயதும் அதுவே இருக்கலாம். விரலில் கல்லூரி மோதிரம், அதில் பொறித்திருந்த கழுகு தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. முந்தின ராத்திரி பத்து மணிக்கு உலையில் வைத்த மாட்டு நெஞ்சுக்கறி. காலை பதினொன்றுக்கு வெளியே எடுத்து, துண்டில் சுற்றி, ஐஸ்பெட்டிக்குள் ஒரு மணி நேரம் தூங்கவைத்தார். யாரையும் தொடவிடவில்லை. பிறகு கத்தியை வைத்தபோது மேல்தோல் கரி நிறத்தில் மொறுமொறுவென்று உடைந்தது. உள்ளே ஓரத்தில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு, புகை இறங்கிய அளவு. உப்பு, மிளகு, அவ்வளவுதான் மசாலா. கூட வெள்ளை ரொட்டி, பச்சை வெங்காயம், ஊறுகாய் வெள்ளரி. கடையில் இதன் விலை ஒரு பவுண்டு 30 டாலருக்கு மேல். இங்கே தட்டு காலியாக விடுவதே தப்பு.

பர்ஸிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் காட்டினார். 2011 நவம்பர் 24 ஆட்டத்தின் டிக்கெட். கடைசி நொடியில் ஜஸ்டின் டக்கர் உதைத்த பந்து 27-25 என்று ஆஸ்டினுக்கு வெற்றி தந்த ஆட்டம். எழுத்து அழிந்து மஞ்சளாகியிருந்தது. தோற்ற ஆட்டத்தின் சீட்டை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "பதில் ஆட்டம் வரும்வரை கணக்கு முடியாதே" என்றார். அன்று பக்கத்து இருக்கையில் இருந்தவர் அவர் மனைவி. இப்போது இல்லை.

ஆரஞ்சுச் சட்டைப் பையன்கள் நாலு பேர் பந்தலைக் கடந்தார்கள். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் பாம்புபோலச் சீறினார்கள். இவர்கள் எதிரணியைப் பார்த்து 'பூஊ' என்று ஏளனமாகக் கத்துவதில்லை, சீறுவதுதான் முறை. சீறி முடித்த கையோடு பெரியவர் அந்தப் பையன்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு சாசேஜ் கொடுத்தார். "தேங்க்யூ சார்" என்று வாங்கிக்கொண்டு கொம்பு காட்டிவிட்டுப் போனார்கள்.

மதியம் ஒரு தவறு செய்தேன். மெமோரியல் ஸ்டூடன்ட் சென்டரைப் படம் எடுக்கப் புல்லில் ஏறிவிட்டேன். ஒரு இளைஞன் ஓடிவந்து, முதலில் "ஹவ்டி சார்" என்று வணக்கம் சொல்லி, பிறகுதான் மெதுவாகச் சொன்னான்: போரில் மாண்ட எங்கள் மாணவர்களுக்கு அர்ப்பணித்த புல் இது, மிதிப்பதில்லை. முகம் சுளிக்கவில்லை, குரல் உயரவில்லை. சட்டென்று இறங்கி மன்னிப்புக் கேட்டேன். கட்டடத்துக்குள்ளே தொப்பியையும் கழற்றிவிடுகிறார்கள். பத்து வயதுப் பையன்கூட வாசல்படியில் கால்வைக்கும் முன் கழற்றினான்.

நவம்பர் 30, நள்ளிரவு தாண்டி

நாலரைக்கே மருமகன் கிளம்பிவிட்டான். "நீங்க தனியா இருப்பீங்களே மாமா" என்று இரண்டு முறை திரும்பி வந்தான். போடா என்று தள்ளிவிட்டேன்.

மாணவர்கள் ஆட்டம் முழுக்க உட்காரவே மாட்டார்கள். காரணம் 1922 ஜனவரி 2. டாலஸில் நடந்த ஆட்டத்தில் ஆள் மேல் ஆள் அடிபட்டு விழ, மாற்று ஆட்டக்காரர் தீர்ந்துபோகும் நிலைமை. மேலே பத்திரிகையாளர் பகுதியில் இருந்த கிங் கில் என்ற மாணவரைப் பயிற்சியாளர் கூப்பிட்டார். அவர் இறங்கி வந்து, அடிபட்டவரின் சீருடையை மாட்டிக்கொண்டு, கோட்டோரம் கடைசிவரை நின்றார். 22-14 என்று ஜெயித்தார்கள். அவரைக் களத்தில் இறக்கத் தேவையே வரவில்லை. அவருக்குத்தான் மைதான வாசலில் சிலை. ஆடாதவருக்குச் சிலை; கூப்பிட்டால் வருவேன் என்று நின்றதற்காக. அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது, டிக்கெட் போன வருத்தம் எனக்கு உண்மையாகவே தீர்ந்தது.

ஐந்து மணிவாக்கில் கேடட்களின், அதாவது ராணுவப் பயிற்சி பெறும் மாணவர்களின் அணிவகுப்பு. கடைசி வருடத்தார் முழங்கால்வரை ஏறிய பழுப்பு பூட்ஸில் தரை அதிர வந்தார்கள். நடுவே ரெவெய்லி, பல்கலைக்கழகத்தின் அடையாளமான கோலி இன நாய். கேடட் படையில் அதற்குத்தான் ஆகப் பெரிய பதவி. முதல் வருட மாணவர்கள் அதை "மிஸ் ரெவ், மேடம்" என்றுதான் அழைக்க வேண்டும். மைதானத்தின் வடக்கு வாசலில் முந்தைய ரெவெய்லிகளின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அரங்கை உயர்த்திக் கட்டியபோது அவற்றுக்கு ஸ்கோர் பலகை மறைந்துவிட்டது என்று, கல்லறைகளுக்கு எதிரே தனியாக ஒரு சின்னப் பலகை வைத்துவிட்டார்கள். செத்த நாய் ஸ்கோர் தெரியாமல் தவிக்கக் கூடாதென்று நினைக்கிற மனம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆறரை. நாங்கள் பந்தலில் பெரியவரின் டிவிக்கு முன்னால். அவரும் உள்ளே போகவில்லை, முழங்கால் படியேற விடவில்லை. கைல் ஃபீல்டு எங்களிடமிருந்து இருநூறு மீட்டர் இருக்கும். 102,733 பேருக்கான அரங்கம், அதையும் தாண்டி ஆள் ஏறியிருந்தது.

அப்போதுதான் அந்த விஷயம் தெரிந்தது. ஒளிபரப்பு சில நொடி தாமதம். அரங்கத்தின் குரல் எங்களுக்கு நேராக வருகிறது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்போமே, அதேதான். டிவியில் ஆட்டக்காரர்கள் இன்னும் குனிந்து நிற்பார்கள்; வானத்தில் கூச்சல் எழும்பிவிடும். சரி, நம்மவர்கள் ஏதோ செய்துவிட்டார்கள் என்று எல்லோரும் நாற்காலி நுனிக்கு வருவோம். அந்த நாலைந்து நொடி ஒருவரும் மூச்சுவிடுவதில்லை.

கூச்சல் நின்றாலும் செய்திதான். முதல் கால் பகுதியில் சட்டென்று அரங்கம் அடங்கியது. பெரியவர் டிவியைப் பார்க்கவே இல்லை, தலையைக் குனிந்துகொண்டார். பிறகு திரையில் ஆஸ்டினின் ஆர்ச் மேனிங் பந்தோடு ஓடிக் கோட்டைத் தாண்டினார். இடைவேளையில் 17-0.

குளிர் ஏறியது. பெரியவரின் மகள் எனக்கு ஒரு போர்வை கொண்டுவந்து கேட்காமலே தோளில் போட்டாள். மூன்றாம் பகுதியில் ஆஸ்டின் எங்கள் கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. திரையில் எல்லோரும் வரிசை கட்டுகிறார்கள். அந்த நேரம் ஒரு சத்தம் எழுந்தது. எழுந்தது, ஏறியது, ஏறிக்கொண்டே போனது, நிற்கவில்லை. பந்தலின் இரும்புக் காலைப் பிடித்திருந்த என் உள்ளங்கையில் அதிர்வு. பக்கத்து மேசையில் பீர் டப்பாக்கள் கிணுகிணுத்தன. என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம், முழங்கால் நோவுக்காரரும். அப்புறம்தான் திரையில் பந்து பறந்தது. எங்கள் அணியின் வில் லீ குறுக்கே பாய்ந்து பிடித்தார். 93 கெஜம் ஓடினார். ஓடி முடிப்பார் என்று எங்களுக்கு முன்பே தெரியும். தெரிந்தும் அழுதேன். புள்ளி விழுந்தால் பக்கத்தில் இருப்பவரை முத்தமிடுவது இங்கே வழக்கம். பெரியவர் என் உச்சந்தலையில் முத்தமிட்டார்.

அதோடு சரி. கடைசிப் பகுதியில் எதிரணிக் கோட்டு வாசல்வரை போய் மூச்சு நின்றது. 17-7. அட்லாண்டாவில் நடக்கும் லீக் இறுதிக்கு ஆஸ்டின் போகிறது.

பெரியவர் அந்த 2011 சீட்டை எடுத்துப் பார்த்து, மடிப்பு மாறாமல் திரும்பப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

மருமகன் வர வெகுநேரம் ஆயிற்று. தோற்றாலும் மாணவர்கள் உடனே கிளம்புவதில்லை; நின்று இன்னும் கொஞ்சம் கத்திவிட்டுத்தான் வருகிறார்கள். ஷூவைக் கழற்றினால் பாதம் வீங்கியிருந்தது. "நாங்க தோக்கறதில்ல மாமா, டயம் பத்தாம போயிரும்" என்றான். இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் சொல்லாம். அதைச் சொல்ல அவனுக்குக் குரல் பாதிதான் வந்தது.

டிசம்பர் 1, ஞாயிறு, ஹூஸ்டன்

காலையில் பந்தல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் மீதிக் கறியை ஃபாயிலில் சுற்றி, அதன் மேல் மையால் அக்காவுக்கு என்று எழுதிக் கொடுத்தார். 'சிஸ்டர்' என்று எழுதியிருக்கலாம். மருமகனிடம் கேட்டு, 'அக்கா' என்று ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார்.

வழியெல்லாம் நெரிசல். ஹெம்ப்ஸ்டெட் தாண்டும்வரை மருமகன் வாயே திறக்கவில்லை. கோபமோ என்று பார்த்தேன். தொண்டை சுத்தமாகப் போய்விட்டது.

அக்கா கறியை நாராகக் கிழித்து, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, இடித்த மிளகு போட்டு இரும்புச் சட்டியில் புரட்டினாள். ஓக் புகை வாசம் கறிவேப்பிலைக்கு அடங்கவில்லை, இரண்டும் சேர்ந்தே இருந்தன. ரசஞ்சோற்றுக்கு அதைத் தொட்டுக்கொண்டோம். எப்படிடா இருக்கு என்று அக்கா கேட்டாள். அவன் வலது கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டினான்.

அக்கா நல்லாயிருக்கு என்று எடுத்துக்கொண்டாள். மூன்று நாளாக அந்த ஊரில் எல்லோரும் தங்கள் அணிக்காக அந்த விரலைத்தான் காட்டினார்கள் என்பதால், நானும் இடது கையில் காட்டினேன். வலது கையில் சோறு.